சஹானாவுக்கும் ஒரு ஸ்கேன்

பொய் சொல்லி அழைத்துப் போய் எடுத்த ஸ்கேன் அது. சைனஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்கள், சஹானாவும் நம்பிவிட்டாள். வருஷத்தில் பாதி நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிகிற பெண்ணிடம் அந்தப் பொய் சுலபமாகவே செல்லுபடியானது.

உண்மைக் காரணம் போன வார அத்தியாயத்திலேயே நமக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் கோகுல்நாத்துக்கு நாலு வயதில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு காதும் போய்விட்டன. ஏன் போயின என்று இத்தனை வருஷமாக யாரும் சரியாகச் சொல்லவில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர், டைஃபாய்டு காய்ச்சல் என்றார் இன்னொருவர், கண் பட்டது என்றாள் அம்மா அகல்யாவின் நாத்தனார். காதுக்குள் கருவி பொருத்த முடியுமா என்று கேட்கப்போன இடத்தில்தான் டாக்டர் பர்வே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். உள்காதிலிருந்து மண்டைக்குள் போகிற மெல்லிய எலும்புக் குழாய் ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே அகலமாக இருக்கிறது. அப்படி இருந்தால் காது ஒரேயடியாகப் போகாது. படி இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு சறுக்கலாகப் போகும்.

சொல்லிவிட்டு, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் அவளையும் அழைத்து வரச் சொன்னார்.

சஹானாவுக்கு என்ன குறை? பக்கத்து குவார்ட்டர்ஸில் பால் பொங்குகிற சத்தம் இவள் காதில் விழும். பதினைந்து வயது. புனே பக்கத்துத் தேஹு ரோடு மைதானத்தில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தவளை மாநில ஜூனியர் அணியின் பயிற்சி முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாங்லிக்குக் கிளம்புகிறாள். முகாமில் எத்தனை பேர் கழிவார்கள் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை அப்பா வாசுதேவனும் அகல்யாவும் மட்டும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் விளக்குப் பெட்டியில் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் சொருகினார். இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தங்கை. ராணுவத் தளவாடக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராகத் தலை நரைத்த வாசுதேவனுக்கு எதையும் ஒரு பார்வையில் இனம் கண்டுவிடுகிற பழக்கம் உண்டு. இரண்டும் ஒரே பார்ட் நம்பர் என்று அவர் மனசு சொல்லிவிட்டது. பெற்ற பிள்ளைகளைப் பற்றி அப்படி நினைத்ததற்காக உடனே தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனால் கணக்கு தப்பவில்லை. டாக்டர் பேனாவின் நுனியால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

காது கேட்கும் சோதனையிலும் இடது பக்கம் மெல்லிய சத்தங்களில் சின்ன இறக்கம் தெரிகிறதாம். அவளாக உணர்கிற அளவுக்கு இல்லையாம்.

அகல்யா கேட்டது ஒரே கேள்விதான். எப்போது?

"படத்தைப் பார்த்துத் தேதி சொல்ல எனக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டர் பர்வே, இந்தியில். "சிலருக்குக் கடைசிவரை ஒன்றுமே ஆவதில்லை. சிலருக்கு ஒரு சின்ன அடி போதும், மறுநாள் பாதி கேட்காது. தலையில் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் என் கையில் எதுவும் இல்லை."

பெண் என்ன விளையாடுகிறாள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். வாசுதேவன் கோ-கோ என்று சொல்லும்போது குரலில் இருந்த பெருமையை மறைக்க மறந்துவிட்டார். டாக்டர் புனேக்காரர். அந்த ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஓடுகிறவரைத் தொடத் தரையில் பாய்ந்து விழுகிற டைவ் அடிப்பாளா என்று கேட்டார்.

அடிப்பாள். அதற்குத்தான் அவளைத் தேர்ந்தெடுத்ததே.

சிவாஜி நகரில் லோக்கல் ரயில் ஏறி உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்தது. சுற்றிலும் முட்ட முட்டக் கூட்டம். அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. புனேயில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது ஒரு பெரிய சௌகரியம். கடைக்காரன் எதிரிலேயே அவன் தராசைத் திட்டலாம், ஆட்டோக்காரன் முதுகுக்குப் பின்னாலேயே அவன் மீட்டரைச் சந்தேகப்படலாம், கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து குடும்ப மானத்தை ஏலம் போடலாம். யாருக்கும் புரியாது.

முகாமுக்குப் போகட்டும், திரும்பி வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது வாசுதேவனின் கட்சி. ஒரு மாசம் சந்தோஷமாக இருந்துவிட்டு வரட்டுமே என்றார். நடுவில் விழுந்து அடிபட்டால் என்று அகல்யா கேட்டாள். அவர் ஸ்கேன் கவரை மடியில் தட்டையாக வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோகுலுக்கு நாலு வயதில், ஸ்கூட்டரின் முன்னால் அவனை நிற்க வைத்துக்கொண்டு போனபோது, குறுக்கே வந்த நாய்க்காக பிரேக் போட்டவர் அவர்தான். பையனின் தலை ஹேண்டில்பாரில் இடித்தது. அதற்கு அடுத்த வாரம்தான் மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை அவன் நிறுத்தினான். இத்தனை நாள் அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்று டாக்டர் சேர்த்துவிட்டார்.

அகல்யாவின் கட்சி வேறு. எதையும் சொல்ல வேண்டாம், முகாமும் வேண்டாம். பத்தாம் கிளாஸ் பரீட்சை என்று காரணம் சொல்லி நிறுத்திவிடலாம். அழுவாள், பட்டினி கிடப்பாள், பிறகு தானே சரியாகிவிடுவாள். விஷயம் தெரிந்தால் மட்டும் தினமும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சாவாள் என்றாள்.

ஆக, ஒருவர் சொல்லாமல் அனுப்பவும், ஒருவர் சொல்லாமல் நிறுத்தவும் தீர்மானித்தார்கள். சொல்லக்கூடாது என்பதில் மட்டும் தம்பதிக்குள் அப்படியொரு ஒற்றுமை.

வீட்டுக்கு வந்தபோது கோகுல் வந்திருந்தான். ஆகுர்டியில் கியர் தயாரிக்கிற பட்டறையில் அவனுக்கு முதல் ஷிஃப்ட். இருக்கிற இடங்களிலேயே அவனுக்கு அந்தப் பட்டறைதான் பிடிக்கும். அங்கே மெஷின்கள் போடுகிற கூச்சலில் யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் மற்றவர்களைவிட அவன் கெட்டிக்காரன்.

"ஜேவாயலா பஸ், பாளா" என்று அகல்யா அவன் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். சாப்பிட உட்காரு கண்ணு என்று மராத்தியில்.

வேலூர்க்காரி, பெற்ற பிள்ளையிடம் மராத்தியில் பேசுகிறாளே என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் நினைக்கலாம். அது அவள் விரும்பிச் செய்தது இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுத்தருகிற டீச்சர் ஒருத்தி அந்தக் காலத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குழந்தைக்கு ஒரு மொழிதான் தாங்கும், பள்ளிக்கூடம் மராத்தி, அதனால் வீட்டிலும் மராத்திதான், தமிழ் கூடவே கூடாது. அகல்யா அழுதாள், பிறகு கற்றுக்கொண்டாள். காய்கறிக்காரியிடமும் பக்கத்து வீட்டு கிரிஜாவிடமும் வினைச்சொல் வினைச்சொல்லாகக் கேட்டு, தப்பும் தவறுமாகப் பேசி, இன்று மராத்தியில் கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு வரும். மகனோடு சேர்ந்து சிரிக்க மட்டும் இன்னும் வரவில்லை.

தமிழ் அவளுக்கு சஹானாவோடுதான். வாசுதேவன் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. ஸ்கூலில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது, யார் யாரை என்ன சொன்னார்கள் என்று பாதி இந்தி கலந்த தமிழில் அந்தப் பெண் கொட்டுகிற பேச்சுதான் அகல்யாவின் ஒரு நாளை இன்னொரு நாளோடு சேர்த்துக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் அந்தச் சாயங்காலத்துக்காகவே காத்திருப்பாள்.

கோகுல் சப்பாத்தியைக் காரக்குழம்பில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். அவன் எதிரிலேயே இருவரும் சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைக்காரன் எதிரில் பேசுகிற வழக்கம் எப்போதோ வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. கோகுலைப் பற்றி அவன் எதிரிலேயே தமிழில் பேசுவார்கள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. அவனும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

வாசுதேவன் மறுபடியும் முகாம் பேச்சை எடுத்ததும் அகல்யாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இவனோட இந்த மாதிரி வாழறதுக்கு எனக்குப் பழகிப்போச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது. அவளுக்கும் போயிடுச்சுன்னா இந்த வீட்ல நான் யாருகிட்டங்க பேசுவேன்? செவுத்துகிட்டயா?"

அதில் மகளைப் பற்றிய கவலை பாதிதான். மீதிப் பாதி அவள் தன்னைப் பற்றிக் கவலைப்பட்டது. அது அவளுக்கே தெரிந்து, சொன்ன வாயை மூடிக்கொண்டாள்.

கோகுல் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அவகிட்ட சொல்லிடும்மா" என்றான்.

தமிழில் சொன்னான்.

குரல் தடித்திருந்தது, சில எழுத்துகள் மூக்கிலேயே நின்றுவிட்டன. ஆனால் தமிழ்தான். நாலு வயதுக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அகல்யா கேட்கிற முதல் தமிழ். பழக்கதோஷத்தில் அவள் மராத்தியில் என்ன என்று கேட்டாள். அவன் மராத்திக்கு வரவில்லை.

"சஹானாகிட்ட சொல்லுங்க. என்கிட்ட யாரும் சொல்லல."

தமிழ் எப்படித் தெரியும் என்று மராத்தியில் கேட்ட வாசுதேவனுக்கு மகன் பதில் சொன்னது அம்மாவைப் பார்த்து. குழந்தை சஹானாவை மடியில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு முகம் காட்டி, காக்கா சொல்லு, பால் சொல்லு, நிலா சொல்லு என்று அகல்யா சொல்லிக் கொடுத்தபோது அவனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தானாம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அவனும் அம்மாவின் உதட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

அகல்யாவின் மனசு எங்கெங்கோ ஓடியது. அவன் எதிரில் என்னென்ன பேசியிருக்கிறாள்! இவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று நாத்தனாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது. உன் பையன் மாதிரி ஒன்று எனக்கு இருந்திருந்தால் என்று தங்கை பாமாவிடம் ஏங்கியது. அதற்கும் முன்னால் ஒரு தடவை, அவனுக்குப் பத்து வயதில், காய்ச்சலில் அவன் கண்ணைத் திறந்து இவளையே பார்த்துக்கொண்டு கிடந்தபோது, கடவுள் இப்படியே எடுத்துக்கொண்டால் அவனுக்கும் நல்லது எனக்கும் நல்லது என்று சொன்னது.

"எல்லாமே புரியுமாடா?" என்றாள். எந்த மொழியில் கேட்கிறோம் என்றுகூட அவள் யோசிக்கவில்லை.

"எல்லாம் இல்ல. வேகமா பேசினா பாதி. நீ அழுதுக்கிட்டே பேசினா ஒண்ணும் புரியாது. வாய் கோணிடும்."

அன்றைக்கு, அந்தக் காய்ச்சல் ராத்திரியில், தான் அழுதுகொண்டே சொன்னோமா, அழாமல் சொன்னோமா? அகல்யா எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அழுதிருக்கணுமே என்று வேண்டிக்கொண்டாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியக்கூடாது என்றுதானே தமிழில் பேசினீர்கள் என்றான் அவன். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அவன் குரலில் தொனி என்று எதுவும் இல்லாததால் அதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, நிதானமாக, இடையில் வார்த்தை தேடித் தேடிப் பேசினான்.

"ரெண்டாவது தடவை காது போனப்போ எனக்கு ஏழு வயசு. காலைல எழுந்து ஸ்கூல் போனேன். யாரும் என்கிட்ட பேசல. பிரெண்டு பேசல, டீச்சர் பேசல. எல்லாரும் என்மேல கோவமா இருக்காங்கன்னு நெனச்சேன். நான் என்ன தப்பு பண்ணேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். அவளும் அப்படி யோசிக்கக் கூடாது."

ஏழு வயதில் அந்தப் பையன் சில நாட்கள் எல்லோரிடமும் வலியப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது அகல்யாவுக்கு ஞாபகம் இருந்தது. சாரி, சாரி என்று தண்ணீர்க் குடத்திடம்கூடச் சொன்னான். குறும்பு செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் இரண்டு தட்டு தட்டினாள்.

வாசுதேவன் எழுந்து போய் ஸ்கேன் கவரை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். சொல்லிவிடலாம் என்றார். அகல்யா மறுக்கவில்லை.

மைதானத்திலிருந்து சஹானா வரும்போது முழங்கால் முழுக்கச் செம்மண். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே முகாமுக்கு எதெதெல்லாம் எடுத்துப் போக வேண்டும் என்று ஆரம்பித்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவளையே பார்ப்பது புரிந்ததும் பேச்சு தானாக நின்றது.

வாசுதேவன்தான் தொடங்கினார். காதின் அமைப்பிலிருந்து தொடங்கி, எலும்பு, குழாய், திரவம் என்று கிடங்கில் புதுச் சரக்கை அறிமுகம் செய்கிற மாதிரி விவரித்துக்கொண்டு போனார். விட்டால் ராத்திரிவரை விவரித்திருப்பார். அகல்யா குறுக்கிட்டு, அண்ணாவுக்கு இருப்பது உனக்கும் இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாள். போகலாம், போகாமலும் இருக்கலாம், அடி மட்டும் படக்கூடாது என்றாள்.

சஹானாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். சைனஸ் என்று பொய் சொன்னதற்கு இந்தியில் பொரிந்து தள்ளினாள். அப்புறம் கை அதுவாகவே இடது காதுக்குப் போனது. விரலை வைத்து அடைத்து, எடுத்து, மறுபடி அடைத்துப் பார்த்தாள். ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்றாள்.

"அப்போ கேம்ப்?"

நிச்சயமாகப் போகக்கூடாது என்று சொல்வதற்காக அகல்யா வாயைத் திறந்தாள். அதற்குள் கோகுல் மேஜையைத் தட்டித் தங்கையைத் தன் பக்கம் திருப்பினான்.

"அது நீ முடிவு பண்ணு" என்றான், தமிழில்.

சஹானா அவனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணனுக்குத் தமிழ் தெரியும் என்ற விஷயம், தன் காது போகலாம் என்ற விஷயத்தைவிட ஒரு நிமிஷம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவன் எதிரில் அவளும் எவ்வளவோ பேசியிருக்கிறாள். தோழிகள் வீட்டுக்கு வரும்போது அண்ணா வெளியே வராமல் பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னதும் அதில் உண்டு. முகம் சிவந்துபோய் எழுந்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனவள் வாசற்படியிலேயே நின்றாள். யார் முகத்தையும் பார்க்காமல், கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, எனக்குக் காது போச்சுன்னா நீ என்கிட்ட மராத்தியில பேச ஆரம்பிச்சிடாத. புரியலன்னாலும் பரவால்ல. தமிழ்லயே பேசு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. துணிகளை அடுக்குகிறாளா, அடுக்கியதை வெளியே எடுக்கிறாளா என்று தெரியவில்லை. வாசுதேவன் கதவைத் தட்டப் போனவர் தட்டாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

கோகுல் அகல்யாவின் கையைத் தொட்டான். தங்கை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசியதில் அவனுக்கு அவள் உதடு தெரியவில்லை.

"என்ன சொன்னா?" என்று கேட்டான்.

அகல்யா முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். அழுதால் அவனுக்குப் புரியாது. நாற்காலியை இழுத்து அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, மகள் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக அவனுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.